எட்டு ஆட்டங்களில் ஓர் அணியை எடைபோடுவது

2023 ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 10 வரை பிலிப்பைன்ஸ், ஜப்பான், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளில் ஆண்கள் கூடைப்பந்து உலகக் கோப்பை நடந்தது. 32 அணிகள் கலந்துகொண்டன. மணிலாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி 83-77 என்ற கணக்கில் செர்பியாவை வென்று கோப்பையைக் கைப்பற்றியது. கனடாவுக்கு மூன்றாம் இடம், அமெரிக்காவுக்கு நான்காம் இடம். நான்கு அணிகளும் தலா 8 ஆட்டங்கள் ஆடின. ஒவ்வோர் அணியும் அடித்த புள்ளிகளில் இருந்து விட்டுக்கொடுத்த புள்ளிகளைக் கழித்து, ஆட்ட எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் சராசரி வித்தியாசம் இது:

செர்பியா: +18.0
அமெரிக்கா: +16.9
கனடா: +15.1
ஜெர்மனி: +14.1

எட்டு ஆட்டங்களையும் வென்ற சாம்பியன் இந்தப் பட்டியலில் கடைசி. பட்டியல் பொய்யா, ஜெர்மனிக்கு அடித்தது அதிர்ஷ்டமா என்று உடனே கேட்கத் தோன்றும். இரண்டும் இல்லை. பட்டியலில் உள்ள எண்கள் சரியானவை. ஆனால் சமைக்காத எண்கள். யாரை எதிர்த்து, எத்தனை வாய்ப்புகளில், எந்த வீரர்களோடு எடுத்த புள்ளிகள் அவை என்ற விவரம் அவற்றில் இல்லை. அந்த விவரத்தைச் சேர்த்துப் படிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை. கால்குலேட்டரும், ஆட்டம் முடிந்ததும் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா வெளியிடும் பாக்ஸ் ஸ்கோரும் (ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாள்) இருந்தால் போதும்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

'எந்த அணி சிறந்தது?' என்ற ஒரே கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று: யார் வென்றார்கள்? இதற்குப் புள்ளிவிவரமே தேவையில்லை. கோப்பை யாரிடம் இருக்கிறதோ அவர்கள்.

இரண்டு: யார் எவ்வளவு நன்றாக ஆடினார்கள்? இது நடந்து முடிந்த ஆட்டங்களைப் பற்றிய கேள்வி. புள்ளி வித்தியாசம், எதிரணியின் பலம், ஆட்டத்தின் வேகம் எல்லாம் இங்கே வரும்.

மூன்று: அடுத்த ஆட்டத்தில் யார் வெல்லக்கூடும்? இது வருங்காலத்தைப் பற்றியது. நடந்தவற்றில் எது மறுபடி நடக்கும், எது நடக்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு முதல் கேள்வியின் பதிலைக் கொடுப்பதுதான் விளையாட்டு எழுத்தில் அடிக்கடி நேரும் பிழை. 'தோற்காத அணி, எனவே அடுத்ததையும் வெல்லும்' என்பது அப்படிப்பட்ட வாக்கியம். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை ஒரு தாளின் தலைப்பில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

படி 1: எல்லா ஆட்டங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

ஃபிபா விதிப்படி ஓர் ஆட்டம் 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு கொண்டது. மொத்தம் 40 நிமிடம். சமநிலையில் முடிந்தால் 5 நிமிடக் கூடுதல் நேரம். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் ஆட்டம் 48 நிமிடம். ஃபிபாவின் மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர், என்.பி.ஏ.யில் வளைவின் உச்சியில் 7.24 மீட்டர். ஃபிபாவில் ஐந்தாவது ஃபவுலோடு வீரர் வெளியேற வேண்டும்; என்.பி.ஏ.யில் ஆறாவது ஃபவுலோடு. ஆகவே ஒரு வீரர் தன் கிளப்புக்காக எடுத்த சராசரியை அப்படியே தூக்கி தேசிய அணிக்குப் பொருத்தக் கூடாது.

கூடுதல் நேரத்துக்கு ஓர் எளிய விதி உண்டு. 40 நிமிட முடிவில் இருந்த ஸ்கோரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் கனடா அமெரிக்காவை 127-118 என்று வென்றது. ஆனால் 40 நிமிட முடிவில் ஸ்கோர் 111-111. அமெரிக்காவின் மிக்கல் பிரிட்ஜஸ் கடைசி நொடிகளில் தான் தவறவிட்ட ஃப்ரீ த்ரோவின் ரீபவுண்டைத் தானே பிடித்து, மூன்று புள்ளி ஷாட் அடித்துச் சமன் செய்தார். இரு அணிகளின் பலத்தைப் பற்றி அந்த ஆட்டம் சொல்வது 'வித்தியாசம் பூஜ்யம்' என்பதைத்தான். பதக்கம் கனடாவுக்கு, நம் கணக்கில் இருவருக்கும் பூஜ்யம்.

அடுத்தது வேகம். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்பது அணிக்கு அணி மாறும். வேகமாக ஆடும் அணி அதிகம் அடிக்கும், அதிகம் விட்டுக்கொடுக்கும். 100 புள்ளி எடுத்தது என்பதால் மட்டும் அதன் தாக்குதல் சிறந்தது ஆகிவிடாது. இதற்கு மருந்து, நிமிடக் கணக்கை விட்டுவிட்டு பொசஷன் கணக்குக்கு மாறுவது. ஓர் அணியின் கைக்குப் பந்து வந்ததில் இருந்து எதிரணியின் கைக்குப் போகும் வரை ஒரு பொசஷன். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் டீன் ஸ்மித் 1950களிலேயே இப்படி எண்ணத் தொடங்கிவிட்டார். டீன் ஆலிவர் 2004இல் வெளியிட்ட நூலின் வழியாக இந்த முறை உலகெங்கும் பரவியது.

பாக்ஸ் ஸ்கோரில் பொசஷன் எண்ணிக்கை இருக்காது. கீழ்க்காணும் சூத்திரத்தால் மதிப்பிடலாம்:

பொசஷன் = ஷாட் முயற்சிகள் − தாக்குதல் ரீபவுண்ட் + டர்ன்ஓவர் + (0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சிகள்)

தாக்குதல் ரீபவுண்டைக் கழிப்பது ஏன்? தவறிய ஷாட்டை அதே அணி மீண்டும் பிடித்தால் பந்து கைமாறவில்லை; பொசஷன் தொடர்கிறது. 0.44 ஏன்? ஃபவுலோடு கூடைக்குள் போன ஷாட்டுக்கு ஒரு ஃப்ரீ த்ரோதான். மூன்று புள்ளி முயற்சியில் ஃபவுல் என்றால் மூன்று. டெக்னிக்கல் ஃபவுலுக்குப் பிறகு பந்து கைமாறாமலும் போகலாம். இவை எல்லாவற்றையும் சராசரியாக்கிய எண் அது. என்.பி.ஏ. ஆட்டங்களில் இருந்து வந்தது என்றாலும், இரு அணிகளுக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்தும்போது பிழை சிறிதாகவே இருக்கும்.

ஒரு கற்பனை ஆட்டத்தில் போட்டுப் பார்ப்போம். 'அ' அணி: 62 ஷாட் முயற்சி, 10 தாக்குதல் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ முயற்சி, 80 புள்ளி. பொசஷன் = 62 − 10 + 12 + 8.8 = 72.8. 'ஆ' அணி: 64 ஷாட் முயற்சி, 8 தாக்குதல் ரீபவுண்ட், 10 டர்ன்ஓவர், 15 ஃப்ரீ த்ரோ முயற்சி, 76 புள்ளி. பொசஷன் = 64 − 8 + 10 + 6.6 = 72.6. இரண்டும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். பந்து மாறி மாறித்தானே போகிறது. பெரிய வித்தியாசம் வந்தால் எங்கோ எண்ணைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். சராசரி 72.7. நூறு பொசஷனுக்கு 'அ' 110.0 புள்ளி, 'ஆ' 104.5 புள்ளி. ஓர் அணியின் தாக்குதலையும் தற்காப்பையும் வேகத்தின் கலப்படம் இல்லாமல் பேச இந்த இரு எண்கள் போதும்.

படி 2: வெற்றியை நான்காகப் பிரியுங்கள்

'அ' அணி வென்றது சரி, எதனால் வென்றது? ஆலிவர் இதற்கு நான்கு காரணிகளை முன்வைத்தார்.

ஷாட் திறன்: மூன்று புள்ளி ஷாட்டுக்கு ஒன்றரை மடங்கு மதிப்புக் கொடுத்துக் கணக்கிடும் விகிதம். அடித்த ஷாட்டுகளோடு, அடித்த மூன்று புள்ளி ஷாட்டுகளில் பாதியைக் கூட்டி, மொத்த முயற்சிகளால் வகுக்க வேண்டும்.
டர்ன்ஓவர்: நூறு பொசஷனில் எத்தனை முறை பந்தைப் பறிகொடுத்தார்கள்.
தாக்குதல் ரீபவுண்ட்: தாங்கள் தவறவிட்டவற்றில் எத்தனை விழுக்காட்டைத் தாங்களே மீட்டார்கள்.
ஃப்ரீ த்ரோ: ஷாட் முயற்சிகளோடு ஒப்பிட்டால் எத்தனை ஃப்ரீ த்ரோ அடித்தார்கள்.

இவற்றின் எடை ஏறத்தாழ 40, 25, 20, 15 விழுக்காடு என்று அவர் மதிப்பிட்டார். நம் உதாரணத்தில் 'அ' 28 ஷாட் அடித்தது, அதில் 9 மூன்று புள்ளி ஷாட். 'ஆ'வும் 28 அடித்தது, அதில் 10. ஷாட் திறன் முறையே 52.4, 51.6 விழுக்காடு, பெரிய வித்தியாசம் இல்லை. டர்ன்ஓவரில் 'ஆ'தான் மேல்: 13.8 விழுக்காடு, 'அ'வுக்கு 16.5. ஆனால் 'அ' 15 ஃப்ரீ த்ரோ அடித்தது, 'ஆ' 10 மட்டுமே. 'ஆ'வின் தற்காப்பு ரீபவுண்ட் 24 என்றால், 'அ' தன் தவறுகளில் 10/34, அதாவது 29 விழுக்காட்டை மீட்டது. 'அ'வின் தற்காப்பு ரீபவுண்ட் 27 என்றால் 'ஆ' மீட்டது 8/35, அதாவது 23 விழுக்காடு. ஆக, 'அ' வென்றது ரீபவுண்டிலும் ஃப்ரீ த்ரோவிலும். 'துல்லியமான ஷாட்டுகளால் வென்றது' என்று மறுநாள் யாராவது எழுதினால் அது தவறு என்று இப்போது உங்களால் சொல்ல முடியும்.

ரீபவுண்டை எப்போதும் விழுக்காட்டில்தான் பார்க்க வேண்டும். எதிரணி நிறையத் தவறவிட்டால் தற்காப்பு ரீபவுண்ட் தானாகவே கூடும். அது ரீபவுண்ட் திறமைக்குச் சான்று ஆகாது.

படி 3: பெரிய வெற்றிகளைச் சுருக்கி, எதிரணியைக் கணக்கில் சேருங்கள்

இப்போது உலகக் கோப்பைப் பட்டியலுக்குத் திரும்புவோம். கனடா லெபனானை 128-73 என்று வென்றது. 55 புள்ளி வித்தியாசம். அமெரிக்கா ஜோர்டானை 110-62, செர்பியா சீனாவை 105-63 என்று வென்றன. இந்த ஆட்டங்கள் சராசரியை வெகுவாக உயர்த்துகின்றன. ஆனால் 30 புள்ளி முன்னிலைக்கும் 55 புள்ளி முன்னிலைக்கும் இடையே அணியின் பலத்தைப் பற்றி நாம் கற்றுக்கொள்வது மிகக் குறைவு. முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இரு தரப்பிலும் மாற்று வீரர்கள் ஆடுவார்கள். குழுவில் சமநிலை வந்தால் புள்ளி வித்தியாசம் பார்க்கப்படும் என்பதால் சில அணிகள் கடைசி வரை விரட்டும். சில அணிகள் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கும்.

எனவே ஓர் உச்ச வரம்பு வையுங்கள். 20 என்று வைத்துக்கொள்வோம். 20க்கு மேற்பட்ட எந்த வித்தியாசமும் 20 என்றே கணக்கு. கூடுதல் நேரம் போன ஆட்டத்துக்குப் பூஜ்யம். இப்போது வரும் சராசரி:

செர்பியா: +12.1
ஜெர்மனி: +11.4
அமெரிக்கா: +10.5
கனடா: +7.6

இறுதி ஆட்டம் ஆடிய இரு அணிகளும் மேலே வந்துவிட்டன. 20 என்பது வேதவாக்கு இல்லை. 15 வைத்தும் 25 வைத்தும் போட்டுப் பாருங்கள். வரம்பை மாற்றும்போது வரிசை குலைந்தால், அந்த வரிசையை நம்பி உரக்கப் பேசக் கூடாது என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்து எதிரணி. உலகக் கோப்பையின் முதல் சுற்றில் நான்கு அணிகள் கொண்ட எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் அணிகள் தங்களுக்குள் மட்டுமே மோதுகின்றன. ஆகவே ஒரு குழுவின் நான்கு சராசரி வித்தியாசங்களையும் கூட்டினால் எப்போதும் பூஜ்யமே வரும். வலுவான குழுவுக்கும் பூஜ்யம், பலவீனமான குழுவுக்கும் பூஜ்யம். முதல் சுற்று எண்களை மட்டும் வைத்து ஒரு குழுவின் அணியை மற்றொரு குழுவின் அணியோடு ஒப்பிடக் கணிதத்தில் வழியே இல்லை. இரண்டாம் சுற்றில் இரண்டு குழுக்களின் முன்னணி அணிகள் கலக்கும்போதுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

அதனால் எட்டு ஆட்டங்களை இரண்டாக வெட்டிப் பாருங்கள். முதல் மூன்று ஒரு பக்கம், அடுத்த ஐந்து மறுபக்கம். வரம்பு ஏதும் போடாமல், கூடுதல் நேர ஆட்டத்தை மட்டும் பூஜ்யமாக்கினால்:

கனடா: முதல் மூன்றில் +37.0, அடுத்த ஐந்தில் +0.2
அமெரிக்கா: முதல் மூன்றில் +34.3, அடுத்த ஐந்தில் +8.2
செர்பியா: முதல் மூன்றில் +30.3, அடுத்த ஐந்தில் +10.6
ஜெர்மனி: முதல் மூன்றில் +15.7, அடுத்த ஐந்தில் +13.2

தொடக்கத்தில் கண்ட புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. ஜெர்மனியின் குழுவில் ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து, ஜப்பான் இருந்தன. ஆஸ்திரேலியாவை 85-82 என்றுதான் வெல்ல முடிந்தது. எனவே முதல் சுற்றில் எண் பெருகவில்லை. எதிரணிகள் கடினமான பிறகு மற்ற மூன்று அணிகளின் எண் சரிந்தது; ஜெர்மனியின் எண் பெரிதாக அசையவில்லை. கடைசி ஐந்தில் முதலிடம் ஜெர்மனிக்கே.

இதைக் கொண்டு கனடாவைக் குறைத்து மதிப்பிடவும் வேண்டாம். அந்த ஐந்து ஆட்டங்களில் அது சந்தித்தவை பிரேசில், ஸ்பெயின், ஸ்லோவேனியா, செர்பியா, அமெரிக்கா. ஜெர்மனியின் ஐந்தில் ஜார்ஜியாவும் இருந்தது. எதிரணியின் பலத்தை எண்ணாகச் சேர்க்க எளிய வழி: ஒவ்வோர் அணிக்கும் அதன் சராசரி வித்தியாசத்தை முதல் மதிப்பெண்ணாகக் கொள்ளுங்கள். பிறகு அந்த அணி சந்தித்த எதிரணிகளின் மதிப்பெண் சராசரியை, அணியின் சொந்தச் சராசரி வித்தியாசத்தோடு கூட்டுங்கள். கிடைத்த புதிய மதிப்பெண்களை வைத்து, சொந்தச் சராசரியை மாற்றாமல், கணக்கை மறுபடி ஓட்டுங்கள். சில சுற்றுகளில் எண்கள் நிலைகொள்ளும். விரிதாள் மென்பொருளில் அரை மணி நேர வேலை.

ஒரு குறுக்குவழியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: சங்கிலி ஒப்பீடு. இத்தாலி செர்பியாவை 78-76 என்று வென்றது; அமெரிக்கா இத்தாலியை 100-63 என்று நொறுக்கியது. அப்படியானால் அமெரிக்கா செர்பியாவைவிட 39 புள்ளி மேலா? கனடா லாட்வியாவை 26 புள்ளியில் வென்றது. ஜெர்மனி அதே லாட்வியாவை 81-79 என்று தப்பிப் பிழைத்து வென்றது. அப்படியானால் கனடா ஜெர்மனியைவிட 24 புள்ளி மேலா? பொது எதிரணி ஒன்றே ஒன்று இருக்கும்போது அந்த ஒரு நாளின் ஏற்ற இறக்கம் இரு மடங்காகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

படி 4: மறுபடி நடக்குமா என்று கேளுங்கள்

இரண்டாம் சுற்றில் லிதுவேனியா அமெரிக்காவை 110-104 என்று வென்றது. லிதுவேனியா எறிந்த முதல் ஒன்பது மூன்று புள்ளி ஷாட்டுகளும் கூடைக்குள் விழுந்தன. மொத்தம் 25 முயற்சியில் 14. ரீபவுண்டிலும் 43-27 என்று லிதுவேனியாவே மேலே. இந்தத் தோல்வியில் எது தற்செயல், எது நோய்?

மூன்று புள்ளி ஷாட்டில் 35 விழுக்காடு திறனுள்ள ஓர் அணி 25 முறை முயன்றால், சுமார் 9 விழும். ஆனால் தற்செயலாலேயே இந்த எண் நிறைய ஆடும். மூன்று ஆட்டங்களில் இரண்டில் 25 முதல் 45 விழுக்காட்டுக்குள் இருக்கும். மூன்றாவதில் அதற்கும் வெளியே போகும். 14 என்பது எதிர்பார்ப்பைவிட 5 ஷாட் அதிகம். அதிகபட்சம் 15 புள்ளி. ஆட்டத்தின் வித்தியாசமோ 6. வழக்கமான நாளாக இருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும். அடுத்த ஆட்டத்துக்கு லிதுவேனியா இந்த விழுக்காட்டைக் கொண்டுபோகும் என்று நம்பக் கூடாது. கால் இறுதியில் செர்பியாவிடம் 68-87 என்று அது தோற்றது.

ரீபவுண்ட் வேறு ரகம். உயரம், உடல் பலம், தடுத்து நிற்கும் பழக்கம் ஆகியவற்றில் இருந்து வருவதால் அது ஆட்டத்துக்கு ஆட்டம் நிலைத்து நிற்கும். உயரமான வீரர்கள் குறைவாக இருந்த அந்த அமெரிக்க அணிக்கு இது உண்மையான பலவீனம். தோல்விக் கட்டுரையில் மேலே வரவேண்டிய எண் ரீபவுண்டுதான்.

எதிரான உதாரணம் ஒன்றும் வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவை 92-73 என்று வென்றது. அமெரிக்கா 24 மூன்று புள்ளி முயற்சியில் 3 மட்டுமே அடித்தது. கை ஓடாத நாள் என்று கடந்துபோக ஆசை வரும். கணக்கைப் போடுங்கள்: 8 அடித்திருந்தால்கூடக் கூடுதலாக 15 புள்ளிதான், 88-92 என்று அப்போதும் தோல்வி. தற்செயலை நீக்கிய பிறகும் தோல்வி மிஞ்சினால், அந்தத் தோல்வியை அணியின் குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிலைத்து நிற்பவை, நிலைக்காதவை என்று ஒரு வரிசை மனத்தில் இருக்கட்டும். எதிரணியின் ஃப்ரீ த்ரோ விழுக்காடு நம் கையில் இல்லவே இல்லை. எதிரணியின் மூன்று புள்ளி விழுக்காடு ஓரளவே நம் கையில். எத்தனை திறந்த ஷாட்டுகளை அனுமதித்தோம் என்பதுதான் நம் பொறுப்பு. டர்ன்ஓவர், ரீபவுண்ட், எடுக்கும் ஷாட்டுகளின் வகை ஆகியவை அணியின் குணத்தைக் காட்டும்.

சிறு வித்தியாச வெற்றிகளும் நிலைக்காத வகைதான். ஜெர்மனியின் எட்டு வெற்றிகளில் நான்கு, 6 புள்ளி அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் வந்தவை: ஆஸ்திரேலியாவுடன் 3, லாட்வியாவுடன் 2, அமெரிக்காவுடன் 2, செர்பியாவுடன் 6. லாட்வியாவின் டாவிஸ் பெர்டான்ஸ் கடைசி நொடியில் எறிந்த மூன்று புள்ளி ஷாட் விழுந்திருந்தால் ஜெர்மனியின் கோப்பைக் கனவு கால் இறுதியோடு முடிந்திருக்கும். அதனால் ஜெர்மனியின் பெருமை குறைந்துவிடாது. கோப்பை என்பது களத்தில் வென்றவருக்கு உரியது. ஆனால் '8-0' என்ற எண்ணை அடுத்த தொடருக்கான கணிப்பில் அப்படியே பயன்படுத்தக் கூடாது.

படி 5: ஆடியது எந்த அணி என்று பாருங்கள்

கிளப் அணி பருவம் முழுவதும் ஏறக்குறைய அதே வீரர்களோடு ஆடும். தேசிய அணி அப்படி இல்லை. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் பல ஆட்டங்கள் நவம்பரிலும் பிப்ரவரியிலும் நடக்கின்றன. என்.பி.ஏ. பருவம் அப்போது நடுவில் இருக்கும். அமெரிக்காவின் தகுதிச் சுற்று ஆட்டங்களை ஆடியவர்களும் உலகக் கோப்பையை ஆடியவர்களும் வேறு வேறு. சட்டையில் நாட்டின் பெயர் ஒன்றுதான், அணி வேறு. தகுதிச் சுற்றின் எண்களை உலகக் கோப்பை மதிப்பீட்டில் சேர்க்கும் முன் இரண்டு பெயர்ப்பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொதுவான பெயர்கள் பாதிக்கும் குறைவு என்றால் அந்த எண்களை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரே தொடருக்குள்ளும் இது மாறும். ஜெர்மனியின் ஃபிரான்ஸ் வாக்னர் முதல் ஆட்டத்தில் கணுக்காலில் காயம்பட்டு அடுத்த நான்கு ஆட்டங்களில் இல்லை. கால் இறுதியில்தான் திரும்பினார். அந்த நான்கு ஆட்டங்களின் எண்கள் முழு ஜெர்மனியின் பலத்தைச் சற்றுக் குறைத்தே காட்டுகின்றன. செர்பியா அந்தத் தொடரைத் தன் நட்சத்திர வீரர் நிக்கோலா யோகிச் இல்லாமலேயே ஆடி இறுதிக்கு வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் இருந்தார். இரண்டையும் ஒரே செர்பியா என்று கருதிச் சராசரி எடுக்கக் கூடாது.

முக்கிய வீரரின் இழப்பு எப்போதும் தோல்வியில் முடியும் என்றும் எண்ண வேண்டாம். 2006 உலகச் சாம்பியன்ஷிப்பின் அரையிறுதியில் ஸ்பெயின் அர்ஜென்டினாவை 75-74 என்று வென்றபோது அதன் முன்னணி வீரர் பாவ் கசோல் காயமடைந்தார். அவர் இல்லாமல் ஆடிய இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் கிரீஸை 70-47 என்று வென்றது.

ஃபிபா தரவரிசையையும் இதே கண்ணோடு பாருங்கள். அது எட்டு ஆண்டு ஆட்டங்களைத் தொகுத்து, புதிய ஆட்டங்களுக்கும் பெரிய போட்டிகளுக்கும் கூடுதல் எடை கொடுத்துக் கணிப்பது. ஒரு நாட்டின் கூடைப்பந்து எவ்வளவு ஆழமானது என்பதை அது நன்றாகச் சொல்லும். இந்த மாதம் களமிறங்கும் பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொல்லாது. 2023 தொடருக்குள் முதலிடத்தோடு நுழைந்த ஸ்பெயின் ஒன்பதாம் இடத்தில் முடித்தது. முந்தைய ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரான்ஸ் பதினெட்டாம் இடத்துக்குப் போனது.

தனிவீரர் எண்கள்: எவ்வளவு எடை கொடுப்பது?

2023 உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 27 புள்ளியோடு முன்னணியில் இருந்தவர் ஸ்லோவேனியாவின் லூகா டோன்சிச். ஸ்லோவேனியா ஏழாம் இடத்தில் முடித்தது. தொடரின் சிறந்த வீரர் விருது ஜெர்மனியின் டென்னிஸ் ஷ்ரூடருக்குக் கிடைத்தது. அவரே லாட்வியாவுக்கு எதிரான கால் இறுதியில் 26 ஷாட்டில் 4 மட்டுமே அடித்தார். ஒரு வீரரின் ஓர் ஆட்டத்தை வைத்து அவரையோ, ஒரு வீரரின் சராசரியை வைத்து அவர் அணியையோ எடைபோட முடியாது.

பாக்ஸ் ஸ்கோரின் ஓரத்தில் இருக்கும் செயல்திறன் எண், புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஆகியவற்றைக் கூட்டி, தவறிய ஷாட்டுகள், தவறிய ஃப்ரீ த்ரோக்கள், டர்ன்ஓவர் ஆகியவற்றைக் கழித்து வருவது. எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுப்பதால் அதிக நிமிடம் ஆடுபவருக்கும் உயரமானவருக்கும் அது சாதகம். நல்ல தற்காப்பு வீரர் அதில் தெரியவே மாட்டார். அந்த வீரர் களத்தில் இருந்தபோது அணியின் நிலை எப்படி மாறியது என்று காட்டும் பிளஸ்-மைனஸ், ஓர் ஆட்டத்துக்கு வெறும் இரைச்சல். எட்டு ஆட்டங்களுக்குக் கூட்டிப் பார்த்தால் ஒரு குறிப்பு மட்டும் கிடைக்கும்.

படி 6: பிழை எல்லையை எழுதுங்கள்

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பார்கள். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே கொதியில் வேகிறது. அதனால் ஒரு சோறு போதும். கூடைப்பந்து ஆட்டங்கள் அப்படி ஒரே கொதியில் வேகுபவை இல்லை. அணிகளின் பலத்தைச் சரியாக அறிந்திருந்தாலும், ஓர் ஆட்டத்தின் முடிவு எதிர்பார்த்த வித்தியாசத்தில் இருந்து சுமார் 12 புள்ளி விலகுவது இயல்பு என்பது என்.பி.ஏ. ஆட்டங்களில் இருந்து கிடைத்த அனுபவ அளவு. இதை ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் பிழை எல்லை கிடைக்கும். மூன்று ஆட்டத்துக்குச் சுமார் 7 புள்ளி. எட்டு ஆட்டத்துக்குச் சுமார் 4 புள்ளி.

செர்பியாவின் 12.1, ஜெர்மனியின் 11.4 என்ற எண்களுக்கு இடையே இருக்கும் 0.7 புள்ளிக்கு இந்த எல்லைக்குள் எந்தப் பொருளும் இல்லை. இரண்டும் சமபலம் என்று எழுதுவதே நேர்மை. கடைசி ஐந்து ஆட்டங்களில் ஜெர்மனியின் 13.2க்கும் கனடாவின் 0.2க்கும் இடையிலான 13 புள்ளிக்குப் பொருள் உண்டு. ஆனால் எதிரணிக் கணக்கையும் சேர்த்த பிறகே அதைச் சொல்ல வேண்டும். தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கத்தை வைத்து அணிகளை வரிசைப்படுத்தும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மதிப்பீட்டை எழுதும் முன் சரிபார்க்க

1. எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறேன்?
2. கூடுதல் நேரத்தையும் ஆட்ட வேகத்தையும் சரிக்கட்டினேனா?
3. நான்கு காரணிகளில் எது வெற்றியைத் தந்தது?
4. பெரிய வெற்றிகளைச் சுருக்கினேனா? எதிரணியின் பலத்தைச் சேர்த்தேனா?
5. எந்த எண் மறுபடி வரும், எது வராது?
6. அந்த எண்களை எடுத்த வீரர்கள் அடுத்த ஆட்டத்தில் இருக்கிறார்களா?
7. பிழை எல்லை எவ்வளவு?

பயிற்சி

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இருந்து இரண்டு கணக்குகள்.

முதலாவது: அமெரிக்காவும் செர்பியாவும் அந்தக் கோடையில் மூன்று முறை மோதின. ஒலிம்பிக்குக்கு முன் அபுதாபியில் நடந்த நட்பு ஆட்டத்தில் அமெரிக்கா 105-79; குழுச் சுற்றில் 110-84; அரையிறுதியில் 95-91. அரையிறுதியில் மூன்றாம் கால்பகுதி முடிவில் செர்பியா 76-63 என்று முன்னிலையில் இருந்தது. அமெரிக்காவின் ஸ்டீபன் கறி 14 மூன்று புள்ளி முயற்சியில் 9 அடித்து 36 புள்ளி எடுத்தார். அவர் 40 விழுக்காடு என்ற அளவில் அடித்திருந்தால் எத்தனை புள்ளி குறைந்திருக்கும்? ஆட்டத்தின் வித்தியாசத்தோடு அதை ஒப்பிடுங்கள். பிறகு செர்பியாவின் மூன்று புள்ளி எண்களுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். ஒரு தரப்பின் அதிர்ஷ்டத்தை மட்டும் கழித்தால் மதிப்பீடு சாய்ந்துவிடும்.

இரண்டாவது: குழுச் சுற்றில் ஜெர்மனி பிரான்ஸை 85-71 என்று வென்றது. ஆறே நாளில் அரையிறுதியில் பிரான்ஸ் 73-69 என்று வென்றது. இரு ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோரையும் எடுத்து நான்கு காரணிகளைக் கணக்கிடுங்கள். எந்தக் காரணி மாறியது? பிரான்ஸின் யார் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்பது மாறியதா? மாற்றம் பயிற்சியாளரின் முடிவால் வந்ததா, ஷாட் விழுந்ததால் வந்ததா?

இனி நீங்கள் பார்க்கும் தொடரில், அரையிறுதிக்கு முன்பே உங்கள் மதிப்பீட்டை எழுதித் தேதியிட்டு வையுங்கள். 'வெல்லும்' என்று எழுதாமல் '60 விழுக்காடு வாய்ப்பு' என்பதுபோல் எழுதுங்கள். பல தொடர்களின் குறிப்புகள் சேர்ந்த பிறகு, 60 என்று எழுதியவற்றில் பத்துக்கு ஆறு பலித்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எட்டு பலித்திருந்தால் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். நான்கு பலித்திருந்தால் மிகையாக நம்பியிருக்கிறீர்கள். முறை சரியாக இருக்கிறதா என்பதைச் சோதிக்க இதைவிட நேரான வழி இல்லை.